தஞ்சை சுவார்ட்ஸ் ஐயர்: பணிவு தேடித் தந்த நம்பிக்கை



தோட்டத்தில் நாலு பேர் சேர்ந்து சீட்டு கட்டும்போது, பணத்தை யாரிடம் கொடுத்து வைக்கிறோம்? அதிகம் படித்தவரிடமா? அதிகாரம் உள்ளவரிடமா? இல்லை. சொன்ன நாளில் சொன்ன பணத்தைக் கையில் வைப்பார் என்று பெயரெடுத்தவரிடந்தான் கொடுக்கிறோம். அந்தப் பெயரைக் கடையில் வாங்க முடியாது. பல ஆண்டுகள் ஒழுங்காக நடந்துதான் சம்பாதிக்க வேண்டும்.

ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்கு முன்னர் தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு நெருக்கடி வந்தது. அப்போது அந்த நாட்டு அரசரின் சொல்லை மக்கள் நம்பவில்லை. ஆங்கிலக் கும்பினியாரின் சொல்லையும் நம்பவில்லை. கறுப்பு அங்கி அணிந்த ஏழைப் போதகர் ஒருவரின் சொல்லை மட்டும் நம்பினார்கள். அவர்தாம் சுவார்ட்ஸ் ஐயர். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் பிறந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். அந்த மண்ணில் 48 ஆண்டுகள் வாழ்ந்து அங்கேயே மறைந்த ஒருவரின் கதையை இன்று பார்ப்போம்.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டில் பிராண்டன்பர்க் பகுதியைச் சேர்ந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். இந்தப் பிள்ளையைக் கடவுள் பணிக்கென நேர்ந்துவிட்டதாகத் தாய் சாகும் தறுவாயில் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். பையன் வளர்ந்து ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கே, சென்னையில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியிருந்த சூல்ட்சே என்னும் முதியவர் தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அவருக்கு உதவப் போன சுவார்ட்ஸ், தமிழ் நாட்டைக் கண்ணால் காணும் முன்பே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார்.

1750-ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அது டென்மார்க்கு நாட்டாரின் கோட்டை ஊர். 1706-ஆம் ஆண்டிலேயே சீகன்பால்கு ஐயர் வந்து தமிழ்ப் பள்ளியும் அச்சுக்கூடமும் நிறுவிய இடம். சுவார்ட்ஸ் தமிழில் பேசப் பழகினார். பின்னர் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் தங்கிப் பணி செய்தார்.

திருச்சியில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை, அவரை நேரில் பழகி அறிந்த ஆங்கிலேயர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. ஒரு கட்டிலும் அவரும் இருக்கத்தான் இடம். உயரமானவர் நிமிர்ந்து நிற்க முடியாத கூரை. உணவு, நம் ஊர் முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும். உடை, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. ஆண்டு வருமானம் ஏறத்தாழ 48 பவுன். அதே காலத்தில் கும்பினி உத்தியோகத்தர்கள் பலர் இந்தியாவில் பெருஞ்செல்வம் சேர்த்துக்கொண்டு சீமைக்குத் திரும்பினார்கள். அவரும் நினைத்திருந்தால் அந்த வழியில் போயிருக்கலாம். பின்னாளில் அங்கிருந்த படையினருக்குக் குருவாக இருந்ததற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தபோது, அதில் பெரும்பகுதியைப் பள்ளிக்கும் சபைக்கும் செலவிட்டார்.

இப்போது 1779-ஆம் ஆண்டுக்கு வருவோம். மைசூரை ஆண்ட ஹைதர் அலி மீது சென்னை அரசாங்கத்துக்குச் சந்தேகம். அவருக்கோ ஆங்கிலேயர் மீது அதைவிடப் பெரிய சந்தேகம். சமாதானம் பேச யாரை அனுப்புவது? கும்பினி தூதர்களைத் தாம் நம்பப் போவதில்லை, அந்தக் கிறிஸ்தவப் பாதிரியாரை அனுப்பினால் அவர் தம்மை ஏமாற்றமாட்டார் என்று ஹைதர் அலி சொன்னதாகக் கூறுவார்கள். சுவார்ட்ஸ் தயங்கினார். ஆயினும் போரைத் தடுக்க முடியுமானால் அது கடவுளுக்கு உகந்த வேலைதானே என்று எண்ணிப் புறப்பட்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தால் மன்னரை அவமதித்ததாகும் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். சுவார்ட்ஸ் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் சென்னைக்கு வந்ததும் அப்படியே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு இது முதல் நிதியாக இருக்கட்டும் என்று அதைப் பள்ளிக்கே வைத்துவிட்டார்.

தூது வெற்றி பெற்றதா? இல்லை. 1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகத்துக்குள் புகுந்தன. ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின. சமாதானத்துக்காகப் போனவரின் முயற்சி வீணாயிற்று. ஆயினும் அந்த மனிதர்மீது இருந்த மதிப்பு வீணாகவில்லை. அவர் வழிப்போக்கில் எங்கே போனாலும் இடையூறு செய்யாமல் விடவேண்டுமென்று ஹைதர் அலி தம் படைத்தலைவர்களுக்குச் சொல்லியிருந்ததாக வரலாறு கூறுகிறது.

அந்தப் போர்க்காலத்தில்தான் நாம் முதலில் சொன்ன நெருக்கடி வந்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் உணவில்லை. தெருக்களில் பட்டினியால் மக்கள் செத்து விழுந்தார்கள். கோட்டைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டு வர மாடுகள் இல்லை. குடியானவர்கள் மாட்டையும் நெல்லையும் கொடுக்க மறுத்தார்கள். ஏன்? முன்னர் கொடுத்தபோது அவர்களுக்குப் பணம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அப்போது தஞ்சை மன்னர் துளஜாஜி, நம் எல்லாருடைய நாணயமும் போய்விட்டது, சுவார்ட்ஸ் சொன்னால் மக்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று சொன்னாராம்.

சுவார்ட்ஸ் தம் ஆட்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். பணம் தருவது என் பொறுப்பு என்று சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. கோட்டைக்குள் 80,000 கலம் நெல் வந்தது. ஒரு கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வந்த குடியானவர்களுக்குப் பணத்தை முழுவதும் கொடுத்து, கூடவே சிறு அன்பளிப்பும் கொடுத்து அனுப்பியதாக அவரே பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார்.

நேயர்களே, அந்த நிமிர்ந்து நிற்க முடியாத அறையை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள். தமக்கென்று எதுவும் சேர்க்காதவர் நம் பணத்தை எடுத்துக்கொள்ள மாட்டார் என்று குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் சொல் செல்லுபடியாயிற்று.

கிறிஸ்தவ வேதத்தில் யாக்கோபு எழுதிய நிருபம் இரண்டு வகை ஞானத்தைப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று, பொறாமையும் போட்டியும் கலந்த உலக ஞானம். அது இருக்கும் இடத்தில் கலகமும் இருக்கும். மற்றொன்று, மேலிருந்து வரும் ஞானம். அது தூய்மையும் சமாதானமும் இரக்கமும் உடையது. அறிவாளி என்பவன் தன் அறிவைப் பணிவான நடத்தையால் காட்ட வேண்டும் என்பது அந்நிருபம் சொல்லும் கருத்து. சுவார்ட்ஸ் இந்தக் கருத்தைப் பிரசங்கித்தார். அதைவிட அதிகமாக அதன்படி நடந்தார்.

1787-ஆம் ஆண்டில் மற்றொரு சோதனை வந்தது. நோயுற்றிருந்த மன்னர் துளஜாஜி, தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். அரசகுமாரனுக்குக் காப்பாளர் என்றால், நாட்டையே கையில் வைத்திருப்பது போல. சுவார்ட்ஸ் அப்பெரிய பொறுப்பைத் தனியாக ஏற்க மறுத்தார். தம்மால் பூசலே விளையும் என்று கூறி, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்கும்படி சொன்னார். ஆனால் அமர்சிங் சிறுவனை அடைத்து வைத்துக் கல்வியின்றி விட்டபோது, சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. அரசாங்கத்துக்கு எழுதி வாதாடினார். 1793-இல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். பதவியை விட்டுக்கொடுத்தவர் கடமையை விட்டுக்கொடுக்கவில்லை.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் காலமானார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கிப் புகழ்பெற்ற சரபோஜி மன்னர் இவரே. அவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் சுவார்ட்ஸின் உடலைப் பார்த்துத் தந்தையை இழந்த மகனைப் போல அழுதார். பின்னர் ஜான் பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை மன்னர் பற்றியிருக்கும் அச்சிற்பத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அருகிலுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் காணலாம்.

ஒரு குறையையும் சொல்லாமல் விடலாகாது. அவர் காலத்துச் சபையில், சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கம் இருந்தது. அதை அவர் கட்டளையிட்டு ஒழிக்கவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அதை விட்டுவிடச் சொன்னபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டு விலகினார்கள். பட்டுத் துணியும் பல்லக்கும் வேண்டாமென்று விடுவது சிலருக்கு எளிது. பிறப்பால் வந்த பெருமையை விடுவது எல்லாருக்கும் கடினம். கடல் கடந்து வந்தபோது பெட்டியில் அடங்காத அந்தப் பெருமையை மனத்தில் சுமந்து வந்தவர்கள் நம்மிலும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து உண்ணாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் வீட்டில், எந்தச் சமயத்தின் ஞானமும் நுழைய வாசல் இல்லை.

பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். படித்து, கிராணியாகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் உயர வேண்டும். உயர்ந்த பின்னர், பால்மரம் வெட்டிப் படிக்க வைத்த தாய் தந்தையரை நாலு பேர் முன்னால் அறிமுகப்படுத்தக் கூசாத மனமும் வேண்டும். அந்த மனத்தைப் பள்ளிக்கூடம் மட்டும் தந்துவிடாது. வீட்டில் நாம் நடந்து காட்டினால்தான் பிள்ளைகளுக்கு அது வரும்.