வழிநடைப் பாத்தியமும் வாசற்படியும்

சொத்து கைமாறும்போது விற்பவர் எதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற கேள்விக்குப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் நெடிய வரலாறு உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக விளங்கிய சோழர் காலத்திலேயே, நில விற்பனையைப் பதிவு செய்த விலையாவணங்கள் நான்கெல்லைகளைக் குறிப்பிட்டு, விலைப்பொருள் முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டதையும் உறுதிசெய்தன. இன்றைய ஆவண எழுத்தர்கள் செக்குபந்தி என்று எழுதும் நான்கெல்லை விவரம் அம்மரபின் தொடர்ச்சியே. அதனுடன் மாமூல் வழிநடை, வண்டிப்பாதைப் பாத்தியம், அதாவது பிறர் நிலத்தின் வழியே காலங்காலமாக நடந்தும் வண்டி ஓட்டியும் வந்த உரிமை, தவறாமல் சேர்க்கப்படுகிறது. வாங்குபவர் தம் எல்லையை வந்தடையும் வரை இவ்வளவு கவனம் காட்டும் ஆவணம், அந்த எல்லைக்குள் நிற்கும் கட்டடத்தில் யாரால் நுழைய முடியும், யாரால் முடியாது என்று ஒருபோதும் கேட்டதில்லை.

இந்த மௌனத்துக்குச் சட்ட வடிவம் தந்தது 1882 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சொத்து மாற்றுச் சட்டம். விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாமலும் இருக்கும் முக்கியக் குறைபாட்டை மட்டுமே விற்பவர் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அதன் 55ஆவது பிரிவு வரையறுக்கிறது. பூச்சுக்குள் மறைந்த விரிசல் இதில் அடங்கும். கடை வாசலில் எல்லார் கண்ணுக்கும் தெரியும் மூன்று படிகள் அடங்கா. சொத்தின் மீதான அடமானம், முந்தைய விற்பனை முதலிய பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் படிகளுக்கு இடமில்லை.

1920களின் பிற்பகுதியில் விழுப்புரம்–திருச்சி குறுக்குப் பாதை அரியலூர் வழியே திறக்கப்பட்டதும், பின்னர் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமெண்ட் ஆலைகள் எழுந்ததும், ரயில் இல்லாத பெரம்பலூர் நெடுஞ்சாலையைக் கொண்டே வளர்ந்து 1995இல் மாவட்டத் தலைநகரானதும் இவ்வூர்களில் வணிகக் கட்டடங்களின் மதிப்பை உயர்த்தின. பதிவுத்துறையின் கவனமும் அந்த மதிப்பின் மீதே குவிந்தது. கட்டடம் உள்ள சொத்தைப் பதியும்போது இணைக்கப்படும் 1ஏ என்னும் படிவம் கட்டடத்தின் வயது, பரப்பு, கூரையின் தன்மை போன்றவற்றை விசாரிப்பது முத்திரைத் தீர்வை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சாய்தளத்தைப் பற்றி அது விசாரிப்பதில்லை.

பெரம்பலூர் தனி மாவட்டமான அதே 1995இன் பெயரைத் தாங்கிய மாற்றுத்திறனாளிகள் சட்டம், தடையற்ற கட்டடங்களை அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்ட விருப்பமாகவே விட்டுவைத்தது. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டமோ, பொதுமக்கள் வந்து செல்லும் தனியார் வணிகக் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுத்து, அணுகல்தன்மை இல்லாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்றது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் மாற்ற வேண்டும் என்றும் பணித்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியானதால் அக்கெடு 2022 ஜூனில் முடிந்தது.

ஆகவே இன்று பழைய கடையொன்றை வாங்குபவர், நிறைவேறாத சட்டக் கடமை ஒன்றையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதும், பெயரளவில் இல்லாவிட்டாலும் பொருளளவில் அது வில்லங்கமே என்பதும் மறுக்க முடியாதவை. அதன் அளவும் சிறிதன்று. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவு. தெருவை ஒட்டி, சாக்கடை மேல் கற்பலகை பாவிய கடைக்கு முன்னால் அந்த நீளம் கிடைப்பதில்லை. வெளியே நீட்டினால் அது ஆக்கிரமிப்பாகிவிடும். உள்ளே இடம் ஒதுக்கினால் வாடகைப் பரப்பு குறையும். விலை பேசும் வேளையில் இது தெரிந்திருந்தால் பேரமே வேறாக இருந்திருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2013 ஜூலை முதல், வணிக இடத்தை வாடகைக்கு விடுபவர் சான்று பெற்ற அணுகல்தன்மை ஆய்வாளர் அதைப் பார்வையிட்டாரா என்பதை ஒப்பந்தத்திலேயே குறிக்க வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில், 2017 விதிகளின் 15ஆவது விதி வெறும் பரிந்துரையாக நின்றது தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. கட்டாய விதி எதுவானாலும் அது சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலைத் தாண்டாவிட்டால் பழைய கடைகளின் விற்பனையில் மாற்றம் நேராது. கூரையின் தன்மையைக் கேட்கும் 1ஏ படிவத்திலேயே நுழைவாயிலின் உயரத்துக்கும் சாய்தளத்துக்கும் ஒரு வரி சேர்க்கப் பதிவுத்துறை முன்வர வேண்டும்.