வெளிச்சத்துக்கு ஒரு வரப்பு

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் பிரிந்து, அரும்பாவூர் தாண்டிப் பூலாம்பாடிக்கு இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பச்சைமலை கறுத்து நிற்கும். மக்காச்சோளம் அறுக்கும் காலமென்றால் தார்ச்சாலையில் பாதியைச் சோளம் பிடித்துக்கொண்டிருக்கும், சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நடக்கிறவர், கயிறு அறுத்துக்கொண்டு வந்த மாடு என்று எது வேண்டுமானாலும் எதிர்ப்படலாம். இப்படிப்பட்ட சாலையில் பழைய அம்பாசிடரோ மாருதி 800-ஓ வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: “லைட்டு பத்தலண்ணே.”

இந்தக் குறைக்கு மோட்டார் காரின் வயது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன்விளக்கு அசிட்டிலின் வாயுவில் எரிந்தது. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்கள் என்று நாம் திட்டுகிறோமே, அதே கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வருகிற வாயுதான் அது. 1912-ல் காடிலாக் நிறுவனம் மின்விளக்கையும் மின்சார ஸ்டார்ட்டரையும் சேர்த்தே கொடுத்தது. வெளிச்சம் கூடியதும் இரண்டாவது குறை பிறந்தது. இதைச் சொன்னவர் ஓட்டுநர் அல்ல, எதிரே வந்தவர்: “கண்ணு தெரியலய்யா!”

அன்று தொடங்கி இன்றுவரை ஹெட்லைட்டின் வரலாறு இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவில் நடக்கும் பஞ்சாயத்துதான். வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு ஒரு கண்டுபிடிப்பு வந்தால், அதை அடக்குவதற்கு இன்னொன்று தேவைப்பட்டது. 1920-களின் நடுவில் ஜெர்மனியில் ஓஸ்ராம் கொண்டுவந்த பைலக்ஸ் பல்பில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருந்தன. தூரத்துக்கு ஒன்று, தாழ்த்தி அடிக்க ஒன்று. நாம் ‘டிம்–பிரைட்’ என்று சொல்லும் பழக்கத்தின் வேர் இதுதான். 1940-ல் அமெரிக்கா 7 அங்குல வட்ட சீல்டு பீம் விளக்கைத் தரப்படுத்தியது. 1957 வாக்கில் ஐரோப்பாவில் டிம் வெளிச்சத்தைக் கோணலாக வெட்டினார்கள். எதிரே வருகிறவர் பக்கம் தாழ்வாகவும், சாலையோரப் பக்கம் சற்று உயர்வாகவும் விழும்படி செய்தார்கள். 1962-ல் ஹாலஜன் வந்தது. 1971-ல் இரண்டு இழை கொண்ட எச்4 பல்பு வந்தது.

நம்மூர் கதை இங்கே சேர்கிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி உத்தரபாராவில் உருவான அம்பாசிடர், 1958 முதல் 2014 வரை ஓடிய தயாரிப்பு. அதன் முன்முகத்தில் கடைசிவரை வட்ட விளக்குதான். அதனால் வளையத்தைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு எச்4 டூமை மாட்டுவது அரை மணி நேர வேலை. வெளிச்சம் கூடியது. அதை அடக்க நாம் கண்டுபிடித்த வழி பெயிண்ட்! கண்ணாடியின் நடுவில் கறுப்புப் பொட்டு, இல்லாவிட்டால் மேல்பாதிக்கு மஞ்சள் பூச்சு. பழைய வண்டிக்காரர்களுக்கு நினைவிருக்கும். பொட்டு வெளிச்சத்தைக் குறைத்ததே தவிர, அது எங்கே விழவேண்டும் என்று சொல்லவில்லை.

1991-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் காரில் செனான் விளக்கு வந்தது. இதில் இழையே கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகள், நடுவில் நாலு மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி. 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு தட்டுத் தட்டினால் அந்த இடைவெளியில் மின்வில் பிடிக்கும். டியூப்லைட்டுக்குச் சோக் மாதிரி இதற்கு பேலஸ்ட். எச்4 பல்பு டிம்மில் 55 வாட் தின்று ஏறக்குறைய 1,000 லூமன் கொடுக்கும். செனானோ 35 வாட்டில் 3,200 லூமன். கணக்கைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 1898-ல் இந்த வாயுவைக் கண்டுபிடித்த ராம்சேயும் டிராவர்ஸும் வைத்த பெயருக்குக் கிரேக்கத்தில் ‘அந்நியன்’ என்று பொருள்.

அந்த அந்நியனைப் பழைய வீட்டில் அப்படியே குடிவைத்ததில்தான் வினை. எச்4 டூமின் குழிவு, இழை நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது. டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும், வேண்டாத திசைக்கு வெளிச்சம் போகாமல் தடுக்க. அந்த இடத்தில் செனான் பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் வடிவமே மாறிவிடுகிறது. மூன்று மடங்கு வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். ஓட்டுகிறவருக்குப் பகல் மாதிரி இருக்கும். எதிரே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் மனைவியையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு வருகிறவருக்குச் சில விநாடிகள் சாலையே இருக்காது. அந்தச் சில விநாடிகளில்தான் சோளத்தைச் சுற்றி வைத்த கல் அவர் சக்கரத்துக்கு வரும்.

புரொஜெக்டர் தேவைப்படுவது இதற்காகத்தான். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், டூரிங் டாக்கீஸில் பார்த்த அதே சங்கதிதான். அங்கே கார்பன் குச்சிகளுக்கிடையில் மின்வில் எரியும். பின்னால் குழிந்த கண்ணாடி அதைத் திரட்டி ஃபிலிம் மீது விழவைக்கும், முன்னாலுள்ள லென்ஸ் திரைக்கு அனுப்பும். பிறகு தியேட்டர்களிலும் கார்பன் போய் செனான்தான் வந்தது. கார் புரொஜெக்டரில் ஃபிலிமுக்குப் பதில் ஒரு சிறு இரும்புத் தகடு. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், கீழே நிற்கும் தகடு சாலையில் மேல்பக்க இருட்டாக விழுகிறது. வெளிச்சம் ஒரு கோட்டோடு நிற்கும். வயலுக்கு வரப்பு மாதிரி.

அந்த வரப்பிலும் ஒரு சூட்சுமம். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே கோடு இடது ஓரத்தில் மேலேற வேண்டும். நடந்து போகிறவர் அங்கேதான் தெரிவார். ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் வண்டிகளின் விளக்கு இதற்குப் பொருந்தும். வளைகுடா, ஐரோப்பா, அமெரிக்க வண்டிகளிலிருந்து கழற்றியது வலப்பக்கம் ஏறும், அதாவது நேராக எதிராளியின் கண்ணுக்குள். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் “ஒரு செட்டு கொண்டாங்க மாமா” என்று சொல்வதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய டூமின் வரிவரியான கண்ணாடியும் ஆகாது, வரப்பை அது உடைத்துவிடும். முன்னால் வெறும் தெளிந்த கண்ணாடிதான் இருக்க வேண்டும்.

சுமையும் சேர்ந்துகொள்கிறது. பின்சீட்டில் நாலு பேரும் டிக்கியில் இரண்டு மூட்டை வெங்காயமும் ஏறினால் பட்டைவில் அமுங்கும், வண்டி மூக்கைத் தூக்கும். ஒரு டிகிரி தூக்கினாலே 10 மீட்டரில் 17 சென்டிமீட்டர் மேலேறும். ஐரோப்பாவில் செனான் காருக்குத் தானியங்கி மட்டச் சரிசெய்தலும் விளக்குக் கழுவியும் கட்டாயமாக்கியது இதனால்தான். நம் பழைய வண்டியில் இரண்டும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள், 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி விளக்கு நிரந்தரமாகத் தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே மாட்டுகிறவர் பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்டுதான் மாட்டுகிறார்.

அதற்குமுன் செய்யவேண்டிய மலிவான வேலை ஒன்று உண்டு. பல பழைய வண்டிகளில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே சுற்றிப் போகிறது. வயர் பழசு, எர்த் துரு. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து ஒரு ரிலே போட்டாலே “லைட்டு பத்தல” என்ற பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

2007-ல் லெக்சஸ் காரில் எல்.இ.டி. டிம் விளக்கு வந்தபின் செனானும் பழங்கதையாகிவருகிறது. ஆனால் அதே தவறு எல்.இ.டி. பல்போடு திரும்பவும் நடக்கிறது, அதே எச்4 டூமில். எது மாட்டினாலும் வண்டியைச் சமதளத்தில் சுவருக்கு எதிரே 10 மீட்டரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுக்கோடு விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். பின்சீட்டில் ஆட்களை உட்காரவைத்து இன்னொரு தடவை பாருங்கள். கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை எதிரே நிறுத்தி அதில் நீங்களே ஏறி உட்காருங்கள். “பத்துமா?” என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் சரியான பதில் கிடைக்கும்.