செவிலியர் கைக்கு ஏடு வந்த வரலாறு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்வியால் உயர்ந்தோர் வரலாற்றைப் பேசுவது பொருத்தமே. சட்டம், மருத்துவம், ஆட்சிப் பணி ஆகியவற்றில் உயர்ந்தோரைப் பற்றிப் பேசுவோர் பலர். செவிலியத் தொழிலின் உயர்கல்வியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நம் வீட்டுப் பெண்மக்கள் பலர் இன்று அத்தொழிலை நாடிச் செல்கின்றனர். அவர்தம் தாய்மாருள் மருத்துவமனைகளில் ஆயாவாகவும் துப்புரவாளராகவும் உழைத்தோர் உண்டு. ஆதலின் இவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

புண்ணைக் கழுவுதலும், மலசலம் அகற்றலும், உயிர் நீங்கிய உடலைத் தூய்மை செய்தலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட நாடு நம் நாடு. தொட்டு உழைப்பவன் படிக்கலாகாது. படிப்பவன் தொட்டு உழைக்கலாகாது என்பதே இங்கு நெடுங்காலம் நிலவிய விதி. அவ்விதியை உடைக்கும் தொழில்களுள் செவிலியம் ஒன்று. தொடும் கையே ஏட்டையும் புரட்ட வேண்டும் என்பது அதன் உயர்கல்வியின் அடிப்படை.

தொடக்கமும் தடைகளும்

1860ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அம்மையார் விளக்கேந்திய மாது என்று மட்டுமே நம் பாடநூல்களில் போற்றப்படுகின்றார். அவர் சிறந்த புள்ளியியல் அறிஞர் என்பதைப் பலர் அறியார். கிரிமியப் போரில் படைவீரர் இறந்த காரணங்களைக் கணக்கிட்டுப் படம் வரைந்து காட்டியவர் அவர்; இலண்டன் புள்ளியியல் கழகம் 1858இல் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆயினும் பின்னர்ப் பெருகிய பள்ளிகளில் மாணவியர் மருத்துவமனையின் வேலைகளையே பெரிதும் சுமந்தனர். படிப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த பொழுது சிறிது.

அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரி 1899இல் செவிலியர்க்கு மேற்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. 1907இல் மேரி அடிலெய்டு நட்டிங் அங்கே பேராசிரியரானார். செவிலியத்துறையில் பேராசிரியர் என்னும் பதவியை முதன்முதல் பெற்றவர் அவரே. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றது அதே கொலம்பியாவில்தான் என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்கதவு எல்லார்க்கும் எளிதில் திறக்கவில்லை. மேரி எலிசா மகோனி என்னும் கறுப்பினப் பெண்மணி பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் சமையல், சலவை முதலிய வேலைகளைப் பல்லாண்டுகள் செய்தார். பின்னர் அங்கேயே பயிற்சியிற் சேர்ந்து, 1879இல் தேறினார். அமெரிக்காவில் முறையான பயிற்சி பெற்ற முதற் கறுப்பினச் செவிலியர் அவரே. தென் மாநிலங்களில் செவிலியர் சங்கங்கள் கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுத்தன. அதனால் 1908இல் அவர்கள் தமக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றைத் தாமே நிறுவிக்கொண்டனர்.

அச்சங்கத்துக்கு 1934இல் தலைவரானவர் எஸ்டெல் மாசி. பணியாற்றிக்கொண்டே கொலம்பியாவின் கோடைக்கால வகுப்புகளிற் பயின்று, பின்னர் உதவித்தொகை பெற்று, 1931இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினச் செவிலியருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவர். பட்டம் பெற்றபின் தம் நலத்தோடு அமைந்துவிடாமல், தம் இனத்தாரைச் செவிலியர் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளப் போராடினார். ஒருவர் பெற்ற கல்வி பலர்க்கு வழியாதல் வேண்டும் என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

அறுபது ஆண்டு எழுத்தைத் திரட்டியவர்

உயர்கல்வி பெற்றோர் ஆராய்ச்சியில் இறங்கினர். 1952இல் செவிலிய ஆராய்ச்சிக்கெனத் தனி இதழ் அமெரிக்காவில் தோன்றியது. ஆனால் முன்னோர் எழுதியவை எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. ஒருவர் கண்டதை மற்றவர் அறியாது, ஒரே கிணற்றைப் பலரும் தனித்தனியே தோண்டும் நிலை இருந்தது.

இக்குறையைப் போக்க முன்வந்தவர் வர்ஜீனியா ஹெண்டர்சன். ஏல் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, 1900 முதல் 1959 வரை செவிலியம் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த ஆய்வுகளைத் தம் குழுவினருடன் தேடித் திரட்டி, குறிப்புரையுடன் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அப்பணி 1972இல் நிறைவெய்தியது. அத்தேடலில் அவர் கண்ட உண்மை வியப்பானது. செவிலியர் யார், எவ்வாறு பயில்கின்றார் என ஆராய்ந்தவை பல; நோயாளிக்குச் செய்யும் பணியால் விளையும் பயனை ஆராய்ந்தவை சில. முன்னாய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலன்றி இத்தகைய குறை கண்ணுக்குத் தோன்றாது.

படிக்கத் தவறியதன் விலை

முன்னாய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுதல் தேர்வுக்கான சடங்கு என எண்ணுவோர்க்கு ஒரு செய்தி சொல்வோம். கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைத்தல் நலம் என்று மேலைநாடுகளில் மருத்துவரும் செவிலியரும் பல்லாண்டுகள் தாய்மார்க்குக் கூறிவந்தனர். உறக்கத்திலேயே குழந்தைகள் திடீரென மாண்டன. 1990க்குப் பின்னர், மல்லாத்திப் படுக்க வைக்குமாறு இயக்கம் நடத்தியபோது இறப்புகள் பெரிதும் குறைந்தன. 2005இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தனர். குப்புறப் படுத்தல் தீது என்பதற்கான சான்று 1970ஆம் ஆண்டளவிலேயே இருந்தது எனக் கண்டனர். அன்றே அவற்றைத் தொகுத்துப் பார்த்திருப்பின் பிரிட்டனில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக்கூடும் என மதிப்பிட்டனர்.

ஏடுகள் இருந்தன, எடுத்துச் சேர்த்துப் படிப்பார் இல்லை. அதன் விலையைக் குழந்தைகள் தந்தன.

நம் நாட்டில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி 1871இல் தொடங்கியது. எனினும் 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே உள்ளார் என்று கணக்கிட்டது. சாதி வழக்கம் தொழிலை இழிவெனக் கருதியதும் இக்குறைவுக்கு ஒரு காரணம். தொடக்கத்தில் இத்தொழிலுக்கு வந்தோருள் ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவருமே மிகுதி. அதே 1946இல் தில்லியிலும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1959இல் தில்லிக் கல்லூரியில் முதுநிலைப் பட்டம் வந்தது. பின்னர் வேலூரிலும், காலப்போக்கில் பல ஊர்களிலும் அப்படிப்பு பரவியது.

இன்று முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும். அதில் முன்னாய்வுகளுக்கென ஓர் இயல் உண்டு. அதனைப் பிறர் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதி நிரப்பும் வழக்கம் ஆங்காங்கே உள்ளது. இது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

தானே பயில விரும்பும் மாணவர்க்கு வழி இதுவே: முதலில் வினாவைச் சுருக்குக. "படுக்கைப் புண்" என்று தொடங்காமல், "நினைவிழந்த நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் புண் குறையுமா, நான்கு மணிக்கு ஒருமுறை போதுமா" என்று கேட்க. எந்தச் சொற்களால், எங்கே, எந்நாளில் தேடினோம் என்பதைக் குறித்து வைக்க. நமக்கு இசைவானவற்றை மட்டும் பொறுக்காமல், மாறானவற்றையும் எடுக்க. எத்தனை பேரிடம் ஆய்ந்தனர், ஒப்பிட மற்றொரு குழு இருந்ததா எனப் பார்க்க. இன்னார் இன்னது கண்டார் என அடுக்குதல் போதாது. இவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, எது இன்னும் ஆராயப்படவில்லை என முடிவு கூறுதலே மதிப்பீடு.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. மருத்துவ ஆய்வுக் குறிப்புகளைத் தேடித்தரும் பப்மெட் 1997 முதல் எவர்க்கும் கட்டணமின்றித் திறந்துள்ளது. நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவற்றைச் சோத்கங்காத் தொகுப்பிற் காணலாம். ஆங்கிலம் கண்டு அஞ்ச வேண்டா. நாளொன்றுக்கு ஓர் ஆய்வுரையை அகராதியுடன் படிப்பவர் ஓராண்டில் தேர்ச்சி பெறுவர்.

இளைஞர்களே, தங்கைமார்களே! கற்பி என்பதை அண்ணல் முதலில் வைத்தார். நம் கழகம் கடந்த ஆண்டுகளில் பள்ளிக்கு அனுப்புவதையே பெரும்பணியாகக் கொண்டது. இனி வரும் ஆண்டுகளில் முதுநிலைக் கல்வி பயில்வோர்க்கு உறுதுணையாதல் வேண்டும். மாலைப்பொழுதில் அமர்ந்து படிக்க ஓர் அறை, ஒரு கணினி, வழிகாட்ட முன்னரே தேறிய ஒருவர் ஆகிய மூன்றும் நம்மால் இயலாதன அல்ல. வார்டைக் கூட்டிய தாயின் மகள், அவ்வார்டில் எம்மருத்துவ முறை நன்று எனச் சான்றுடன் எழுதும் நாளே நம் கழகத்தின் உண்மையான விழா நாள். அந்நாளுக்கு உழைப்போம்.