எழுத்துக் கருவி (செயற்கை நுண்ணறிவு)

எழுதுபவர் தரும் குறிப்பைக் கொண்டு வாக்கியம், கட்டுரை, கதை, உரையாடல் முதலியவற்றை ஆக்கித் தரும் கணினி நிரல். சந்திப்பிழை, எழுத்துப்பிழை திருத்தும் நிரல்களையும் பரந்த பொருளில் இவ்வகையில் சேர்ப்பர். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபின் எழுதித்தரும் நிரல் பொதுப் புழக்கத்துக்கு வந்தது. தமிழில் எழுதுவோர் இக்கருவிகளைச் சார்ந்திருப்பதால் விளையும் நன்மை தீமைகளை இக்கட்டுரை கூறுகிறது. எடுத்துக்காட்டுகள் சில காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், மாகறல் வட்டாரத்தைச் சார்ந்தவை.

முன்வரலாறு

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது தொண்டை நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலைத் தேர்தல் முறைக்காகவே இவற்றைப் பள்ளிப் பாடநூல்கள் பேசுகின்றன. யார் வாரியத்தில் அமரலாம், யார் கூடாது, ஓலையைக் குடத்திலிருந்து யார் எடுப்பது என்ற விதிகளைப் படித்து முடிப்பவர்கள் இறுதிப் பகுதியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சபையின் பெருமக்கள் பணிக்க, இந்த ஏற்பாட்டை எழுதியவன் தான் என்று மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன் அங்கே தன் பெயரைப் பதித்திருக்கிறான். முடிவு சபையுடையது, எழுத்து அவனுடையது. இரண்டும் கல்லில் தனித்தனியே நிற்கின்றன.

செப்பேடுகளில் இந்தப் பிரிவினை இன்னும் தெளிவு. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு வடமொழிப் பகுதியை இயற்றிய சங்கரன் மகன் நாராயணனையும், ஏட்டில் வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞர்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஓலைச்சுவடி படியெடுத்தவர்களும் ஏட்டின் இறுதியில் ஆண்டு, மாதம், நாள், தம் பெயர் ஆகியவற்றை எழுதி, பிழை பொறுக்கும்படி கேட்டுக்கொள்வது வழக்கம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழி இவர்களைப் பற்றியதே. இவர்கள் செய்த பிழைகளைக் களைய உ.வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வாறு உருவானதே 1887இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு.

இந்த மரபு இன்றும் அலுவலக வாசல்களில் தொடர்கிறது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆவண எழுத்தர் உரிம விதிகளின் கீழ் உரிமம் பெற்ற பத்திர எழுத்தர், தாம் தயாரித்த பத்திரத்தின் அடியில் பெயரும் உரிம எண்ணும் எழுதிக் கையொப்பமிடுகிறார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருபவரின் பெயர் மனுவில் வராவிட்டாலும், ஆள் யாரென்று ஊருக்குத் தெரியும். தவறு இருந்தால் திரும்பப் போய்க் கேட்கலாம்.

கணினித் தமிழ்

நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளையும், நாவி சந்திப்பிழைகளையும் சுட்டுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ந. தெய்வசுந்தரம் மென்தமிழ் சொல்லாளரை உருவாக்கினார். வினோத் ராஜனின் அவலோகிதம் செய்யுளை அசை, சீர், தளை எனப் பிரித்து யாப்பைக் கண்டுசொல்லும். பாடலாசிரியர் மதன் கார்க்கியின் ஆய்வு நிறுவனம் எதுகை, மோனை தேடித்தரும் எமோனியை வெளியிட்டது. இவை இலக்கண விதிகளையும் சொற்பட்டியலையும் கொண்டு இயங்குபவை. சொந்தமாக எதையும் சொல்லாததால் இவற்றால் கேடும் இல்லை.

தொழிற்சாலை முறையில் எழுத்தை உற்பத்தி செய்யும் முயற்சியைத் தமிழ் முன்பே கண்டது விக்கிப்பீடியாவில். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், 2009 முதல் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களையும் தன் மொழிபெயர்ப்புக் கருவியையும் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன; தமிழ் முறுக்கிக்கொண்டு நின்றது. தலைப்புகளைத் தமிழ் வாசகர் தேர்ந்தெடுக்கவில்லை. பேச்சுப் பக்கத்தில் குறை சொன்னாலும் உடனே பதில் வரவில்லை. தன்னார்வலர்கள் நிறுவனத்துடன் பேசித் தரவிதிகளை வகுத்தனர். இந்த அனுபவத்தை அ. இரவிசங்கர் 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் முன்வைத்தார். அக்கருவியை கூகுள் 2019இல் மூடிவிட்டது. எழுதி ஏற்றுவதைவிடத் திருத்துவதற்கே கூடுதல் உழைப்பு தேவைப்படும் என்ற பாடம் அப்போதே கிடைத்தது. பின்வந்தவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

நன்மைகள்

மனு, விண்ணப்பம், கிராம சபைத் தீர்மானம், கோயில் திருவிழா அறிவிப்பு போன்ற வாய்பாட்டு எழுத்துகளில் இக்கருவிகள் நன்கு உதவுகின்றன. பேச்சில் சொல்ல வருவதை எழுத்தில் கொண்டுவரத் தயங்குபவருக்கு முதல் வரைவு கிடைத்துவிடுகிறது. பெயர், புல எண், தேதி ஆகியவற்றை அவரே சரிபார்த்துக்கொள்ள முடியும். எழுத்தாளருக்கோ ஒற்று விடுபட்ட இடம், திரும்பத் திரும்ப வரும் சொல், நீண்டு குழம்பிய வாக்கியம் ஆகியவற்றை இவை சுட்டிக்காட்டும். மெய்ப்புப் பார்க்க ஆளில்லாத சிற்றிதழ்களுக்கு இது சிறிய உதவியன்று.

தீமைகள்

முதல் தீமை, இல்லாததைச் சொல்வது. தேடும் வசதி இணைக்கப்படாத கருவி எதையும் தேடி அறிந்து எழுதுவதில்லை. பயிற்சியில் கண்ட எழுத்துகளின் போக்கில் அடுத்து வரத்தக்க சொல்லைக் கோக்கிறது. எங்கே எழுத்து மிகுதியோ அங்கே நன்றாகவும், எங்கே குறைவோ அங்கே கற்பனையாகவும் எழுதும். சேயாற்றங்கரையிலுள்ள மாகறலை எடுத்துக்கொள்ளலாம். சம்பந்தர் பாடியது, தேவாரப் பாடல் பெற்ற தொண்டை நாட்டுத் தலங்கள் 32இல் ஒன்று என்பதால் திருமாகறலீசுவரர் கோயிலைப் பற்றி வலைத்தளங்களில் எழுத்து உண்டு. இராசேந்திர சோழன் பொன் உடும்பைத் துரத்திவந்து புற்றில் இலிங்கத்தைக் கண்டான் என்ற தலபுராணம் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது. இதைப் படித்து வளர்ந்த கருவி புராணத்தையும் வரலாற்றையும் ஒரே குரலில் சொல்லும் வாய்ப்பு மிகுதி. ஏரிப் பாசனம், மதகு, விளைச்சல், குடிபெயர்வு போன்றவை வலையில் அதிகம் ஏறாதவை. அவற்றைக் கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும் பத்தி ஒன்று வரும். ஊர்க்காரர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். தேர்வுக்குப் படிக்கும் வெளியூர் மாணவர் நம்பிவிடுவார்.

இரண்டாவது, மொழிநடை. பயிற்சித் தரவில் ஆங்கிலம் மிகுந்திருப்பதால் தமிழ் வாக்கியமும் அதன் வழியே நடக்கிறது: தேவையில்லாத இடத்தில் ‘ஒரு’, பெயர்தோறும் ‘அது’, செய்வினை வரவேண்டிய இடத்தில் செயப்பாட்டுவினை. வட்டார வழக்கு இன்னும் மோசம். காஞ்சிபுரம் பக்கத்து ‘சொல்லிகினு’, ‘வந்துகினு’ பேச்சைக் கேட்டால் திரைப்படச் சென்னைத் தமிழோ மேடைத் தமிழோ வருகிறது. வட்டாரப் புனைகதை எழுதுபவருக்கு இக்கருவி பயன்படாது.

மூன்றாவது, செலவு. யூனிகோடின் பரவலான வடிவத்தில் ‘மாகறல்’ என்று எழுத 18 பைட் ஆகும். ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 போதும். கருவிகள் உரையை டோக்கன்கள் எனும் துண்டுகளாகப் பிரித்து எண்ணுகின்றன; எண்ணிக்கை கூடினால் செலவும் கூடும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட ஒப்பீட்டில், பழைய முறையில் 116 டோக்கன் பிடித்த சிறு தமிழ் உரை புதிய முறையில் 35ஆகக் குறைந்தது. 2023இல் வந்த தமிழ்-லாமா என்ற மொழி மாதிரியும் 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்தே இயங்கியது.

பயிற்சி குன்றுவதும் தீமையாகச் சொல்லப்படுகிறது. முதல் வரைவில் தடுமாறித்தான் எழுத்தாளர் தம் கருத்தைக் கண்டடைகிறார் என்பதால் இதை மறுப்பதற்கில்லை.

எழுத்தாளர் உரிமை

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இக்கருவிகளுக்கு வரம்பிடும் விதிகளை ஒப்பந்தத்தில் பெற்றனர். சப்பானில் 2024 சனவரியில் அகுதாகவா பரிசு பெற்ற ரியே குதான், தம் நாவலின் ஏறத்தாழ 5 விழுக்காடு கருவியின் சொற்களே என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டதால் அவர்மேல் குற்றம் சுமத்த இடமில்லை. தமிழில் நேர்ந்தது வேறு வகை: 2013இல் வந்த ‘அம்பிகாபதி’ படம், நாயகன் பிழைத்தெழுவதாகச் செயற்கை நுண்ணறிவால் முடிவு மாற்றப்பட்டு 2025 ஆகஸ்டு 1 அன்று மீண்டும் திரையிடப்பட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இன்றைய நிலை

இதழ்களும் பதிப்பகங்களும் அவரவர் விருப்பப்படி நடக்கின்றன. கணினி ஆக்கிய படைப்பைப் பொறுத்தவரை, அதை ஆக்கச் செய்தவரே ஆசிரியர் என்று 1994 திருத்தத்துக்குப் பிந்தைய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கூறுகிறது.