திராவிடோசாரஸ்

அரியலூர் வட்டாரக் கடற்படிவுப் பாறையில் கிடைத்த சில எலும்புகளுக்கு 1979-இல் பி. எம். யாதகிரியும் கிருஷ்ணன் அய்யாசாமியும் சூட்டிய பெயர் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. முதுகில் எலும்புத் தகடுகள் நிமிர்ந்து நிற்கும், தழை மேயும் ஸ்டெகோசார் வகை டைனோசார் இது என்றார்கள். மண்டையோட்டின் ஒரு பகுதி, பல், இடுப்பெலும்புகள், தகடுகள் ஆகியவை சான்றாக வைக்கப்பட்டன.

அரியலூரைப் போலவே கடம்பூர், கோவில்பட்டிப் பக்கமும் கரிசல் மண்தான். ஆனால் அங்கே கரிசலுக்கு அடியில் கிடப்பது விலங்குகள் தோன்றுவதற்கு முந்தைய பாறை. எத்தனை ஆழம் கிணறு வெட்டினாலும் எலும்பு வராது. அரியலூர்க் கரிசலின் அடியிலோ கிரெட்டேசியக் கடலின் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் இருக்கின்றன. சிமெண்டு ஆலைகளின் சுரங்கங்களில் சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகள் கிடைப்பதும் அதனால்தான்.

திராவிடோசாரஸ் எலும்புகள் வந்த திருச்சிராப்பள்ளிப் பாறைத்தொகுதியின் வயது சுமார் 8.8 கோடி ஆண்டு. ஸ்டெகோசார்கள் செழித்திருந்ததோ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்த அடையாளம் சரியென்றால், மற்ற இடங்களில் அற்றுப்போன ஒரு குலம் இந்தியாவில் நெடுங்காலம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும்.

1996-இல் சங்கர் சாட்டர்ஜியும் திரஜ் குமார் ருத்ராவும் ஸ்டெகோசார் என்ற அடையாளத்தை மறுத்தார்கள். இடுப்பும் பின்னங்காலும் பிளீசியோசார் என்ற கடல்வாழ் ஊர்வன விலங்கினுடையவை என்பது அவர்கள் முடிவு. ஸ்டெகோசார்களை நெடுநாள் ஆராய்ந்த பீட்டர் கால்டனோ, தலையும் தகடும் பிளீசியோசாருடையவை அல்ல என்றார்.

ஆகவே வழக்கு தலையில் வந்து நிற்கிறது. ஸ்டெகோசாரின் தலை உடலுக்குச் சற்றும் பொருந்தாமல் சிறியது, நீண்டு ஒடுங்கியது. ஸ்டெகோசார் குலத்தைச் சேர்ந்த ஸ்டெகோசாரஸுக்கு வாய் நுனியில் பல் கிடையாது, அலகுதான். கீழ்த்தாடை நுனியில் தனியாக ஓர் எலும்பு உண்டு. ஸ்டெகோசார் உட்பட பறவை இடுப்பு டைனோசார்கள் எல்லாவற்றுக்கும் இது பொது அடையாளம். கன்னப் பற்கள் சிறியவை. அவற்றின் ஓரம் வேப்பிலை ஓரம்போல் அரம்பற்களாக இருக்கும். கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு துளைகள். பிளீசியோசாருக்கு அங்கே ஒரே பெரிய துளை, மீன் பிடிக்கும் கூம்புப் பற்கள், கண்ணுக்கு அருகே ஏறிய மூக்குத்துளை. அங்கைலோசார் என்ற டைனோசார்தான் ஸ்டெகோசாருக்கு நெருங்கிய உறவு. பிளீசியோசார் டைனோசாரே அல்ல.

கடற்படிவில் தரை விலங்கு எப்படி வந்தது என்ற கேள்வியை மட்டும் வைத்து ஸ்டெகோசார் என்ற முடிவைத் தள்ளிவிட முடியாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரமும் தரையில் வளர்ந்து, இதே கடலில் புதைந்ததுதான். ஆற்று வெள்ளம் மரத்தை அடித்துவருவதுபோல் செத்த விலங்கின் உடலையும் கொண்டுவரும். ஆனால் இடுப்பு ஒரு விலங்குடையதும் தலை இன்னொன்றுடையதுமாக இருந்தால் பெயர் எதற்குச் சேரும் என்ற சிக்கல் எழுகிறது. அந்த மண்டையோட்டை ஸ்கேன் செய்து, எலும்புக்கு எலும்பு புதிதாக விவரிப்பதுதான் இதைத் தீர்க்க நேரான வழி.