ஆற்றங்கரை நாகரிகம்: தண்ணீருக்காக மட்டுமா?

ஆதி நாகரிகங்கள் ஏன் ஆற்றங்கரையில் தோன்றின? "குடிக்கத் தண்ணீர் கிடைத்தது" என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். நண்பர்களே, தண்ணீர் ஊற்றிலும் கிடைக்கும். ஆறு கொடுத்தது வண்டல்.

எகிப்தியர்கள் கொடுத்து வைத்தவர்கள். நைலில் கோடையில் வெள்ளம் வரும். வடிந்ததும் ஈர வண்டலில் விதைத்தால் போதும்.

சுமேரியர்களுக்கு (இன்றைய தென் ஈராக்) அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே மழையை நம்பிப் பயிர் செய்ய முடியாது. யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளில் வெள்ளம் வருவதோ ஏப்ரல், மே மாதங்களில், பார்லி அறுவடைக்கு நிற்கும்போது! விதைக்கும் பருவத்தில் ஆற்றில் நீர் குறைந்துவிடும். ஆகவே கரை கட்ட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், வருடாவருடம் தூர் வார வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையா இது? ஊரே கூட வேண்டும். வேலை செய்தவர்களுக்குப் பார்லி அளக்க வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும். உருக் நகரில் கிடைத்த, கி.மு. 3300 வாக்கிலான களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள்தான். கதையோ கவிதையோ அல்ல! என்னைக் கேட்டால், அந்த ஆறுகள் கொடுத்த தொல்லைதான் சுமேரியர்களை நகரமாகச் சேர்த்தது.

சண்டையும் சேர்ந்தே வந்தது. லகாஷ், உம்மா என்ற இரு நகரங்கள் எல்லை நிலத்துக்கும் வாய்க்கால் நீருக்குமாகத் தலைமுறைக் கணக்கில் மோதின. கி.மு. 2450 வாக்கில் லகாஷ் மன்னன் எயன்னாதும் நட்ட வெற்றிக்கல்லின் துண்டுகள் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எதிரிகளின் தலைகளைக் கழுகுகள் கவ்விப் பறக்கும் காட்சியை அதில் செதுக்கியிருக்கிறார்கள்.