துணியைப் பிடிச்ச கதை

மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி நம்ம தலைவி அக்கா கேட்டாங்க. குழு ஆரம்பிச்ச கதை, கடன் வாங்கிக் கட்டின கதையெல்லாம் மத்தவங்க எழுதுறாங்க. அதனால நான் தையல் கூடத்தில் டப்பா நிறையக் கிடக்கிற கிளிப்புகளைப் பத்தி எழுதுறேன். சிரிக்காதீங்க, அதுக்கும் சரித்திரம் இருக்கு.

பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற விரிப்பு நம்ம வீடுகளுக்குப் புதுசு இல்லை. குழந்தை பிறந்த வீட்டில் முதலில் தேடுவது அதைத்தான். மெத்துன்னு இருக்கும், துவைச்சா சீக்கிரம் காயும். தைக்கத்தான் கஷ்டம். மேல் துணி ஒரு பக்கம் போகும், அடித்துணி வேற பக்கம் போகும். ஒரு முழம் தைச்சுட்டுத் திருப்பிப் பார்த்தா அடியில் மடிப்பு விழுந்திருக்கும். எங்க ஆயா திண்ணையில் புடவையை விரிச்சு, மூணு மூலையில் செங்கல் வைச்சு, நாலாவது மூலையில் தானே உட்கார்ந்துக்குவாங்க. பேரப்பிள்ளைகள் ஓரத்தில் உட்காரணும், அசையக் கூடாது. கிளிப் இல்லாத காலத்து கிளிப் நாங்கதான்.

பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரத்துத் தறிக்காரங்க இந்தப் பிரச்சினையை எப்பவோ தீர்த்துட்டாங்க. நெய்த புடவை படைமரத்தில் சுருண்டுகிட்டே போகும். அதனால் நீளவாக்கில் துணி விறைப்பா நிற்கும். ஆனா ஊடை நூல் இழுக்கிற இழுப்பில் ரெண்டு ஓரமும் உள்ளே சுருங்கும். அதுக்கு அகலவாக்கில் ஒரு குச்சி வைப்பாங்க. அதன் ரெண்டு முனையிலும் ஊசி இருக்கும். ஓரத்தில் குத்தி நிறுத்தினா துணி முழு அகலத்துக்கு விரிஞ்சு நிற்கும். கொஞ்சம் நெய்ததும் பிடுங்கி முன்னால் நகர்த்தணும். உருளையில் சுருட்டணும், ஓரத்தை இழுத்துப் பிடிக்கணும். இந்த ரெண்டு விஷயத்தை மட்டும் மனசுல வைச்சுக்கோங்க.

அமெரிக்காவில் 1980-களில் வீட்டில் வைச்சுத் தொழில் பண்ற பெண்கள் கையில் ஒரு மெஷின் வந்தது. பேரு லாங் ஆர்ம், அதாவது நீளக் கை. நம்ம தையல் மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் சுமார் 7 அங்குலம் இடம் இருந்தாலே அதிகம். பெரிய விரிப்பைச் சுருட்டி அதுக்குள்ளே திணிக்கிறதுக்குள் தோள் போயிடும். நீளக் கை மெஷினில் அந்த இடம் 18 அங்குலத்துக்கு மேலே. துணியை நகர்த்த வேண்டாம். துணி ரெண்டு உருளைக்கு நடுவில் படைமரத்தில் மாதிரி சுருண்டு நிற்கும், மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடித் தைக்கும். ஓரம் சுருங்காம இருக்க ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வார் கட்டின கிளாம்ப். தறிக்காரர் குச்சிதான், வேற ஒண்ணும் இல்லை!

இவ்வளவு விலை கொடுத்து வாங்கினவங்களும் கிளாம்ப்பை மட்டும் வீட்டிலேயே செஞ்சுக்கிட்டாங்க. துணி கிளிப், ஆபீஸ் கருப்பு கிளிப், நீளவாக்கில் கீறின பிளாஸ்டிக் பைப், எது கிடைச்சாலும் சரி. மெஷின் வர்றதுக்கு முன்னால் நாலு பலகையை மூலையில் இரும்புக் கிளாம்ப் போட்டு முடுக்கி, அதில் துணியை இழுத்துக் கட்டிக் கையால் தைச்சாங்க. சின்ன வீடுன்னா அந்தச் சட்டத்தைக் கயிறு கட்டி மேல் உத்தரத்தில் தொங்கவிட்டு, படுக்கிற நேரத்தில் மேலே இழுத்து விட்டுடுவாங்க. புடவைத் தூளி தொங்கின வீட்டில் வளர்ந்த நமக்கு இது நல்லாப் புரியும்.

அங்க அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் கிழிஞ்ச வேலை உடுப்பை வெட்டி விரிப்பு தைச்சாங்க. ஓட்டுப் போடப் பேரு பதிஞ்சதுக்காகவே அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களை வீட்டை விட்டு விரட்டின காலம் அது. 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்று ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. 1969-ல் சொந்தமாத் தையல் கூடம் கட்டினாங்க. 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரங்க கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்க ஆர்டர் கொடுத்தாங்க. வெட்டினதில் மிஞ்சின துண்டை எடுத்துத் தங்களுக்கு விரிப்பு தைச்சுக்கிட்டாங்க. ஜீஸ் பெண்ட் விரிப்புகளை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினாங்க. 2006-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தது.

நம்ம நாட்டிலேயே ஒரு கதை இருக்கு, எனக்கு அதுதான் பெரிசு. அகமதாபாத்தில் எலா பட் 1972-ல் சேவா சங்கம் ஆரம்பிச்சாங்க. அந்த ஊரில் மில்லில் மிஞ்சுற கழிவுத் துண்டுத்துணிக்கு சிந்தின்னு பேரு. தரியாபூர் பகுதி முஸ்லிம் பெண்கள் வியாபாரிகிட்ட சிந்தி வாங்கி, மெத்தை விரிப்புக்கு உறை தைச்சுக் கொடுப்பாங்க. கூலி பைசாக் கணக்கு. 1970-களின் கடைசியில் கூலி உயர்த்திக் கேட்டாங்க. வியாபாரிகள் துணி கொடுக்கிறதையே நிறுத்திட்டாங்க. மெஷின் இருக்கு, கை இருக்கு, துணி இல்லை. அப்புறம் சேவா மூலமா மில்லிலிருந்தே நேரடியா சிந்தி வாங்கி, சபீனா என்று தங்களுக்கே ஒரு கூட்டுறவு அமைச்சுக்கிட்டாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் வெளியே வந்தது, ஒரகடத்தில் 2010-ல். வயல் போச்சு, வேலை வந்தது. அந்த வேலைக்குப் பெரும்பாலும் கல்யாணம் ஆகாத சின்ன வயசுப் பொண்ணுங்களைத்தான் கேட்கிறாங்க. முப்பது தாண்டின நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு வீட்டு ஆம்பளைங்க பேசுற வார்த்தைதான் வந்தது: ஜிக், ஃபிக்சர், கிளாம்ப். ஒரு தகட்டை அசையாமப் பிடிச்சு வைச்சாத்தான் அடுத்த வேலை சரியா வரும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னப்ப, இதைத்தானே ஆயா செங்கல் வைச்சு செஞ்சாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

நம்ம கூடத்துச் சட்டம் அப்படித்தான் உருவாச்சு. ரெண்டு சவுக்குக் கட்டைத் தாங்கி, மேலே ரெண்டு பைப். துணியைச் சுருட்டி, ஒன்றரை அங்குல பைப்பை நீளவாக்கில் கீறி, சாண் அளவுத் துண்டா வெட்டி மேலே அமுக்கினா கவ்விக்கும். வெட்டின ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கணும், இல்லைன்னா நூல் மாட்டும். வழுக்கினா உள்ளே சைக்கிள் டியூப் ஒரு துண்டு. ஓரத்துக்குப் பாவாடை எலாஸ்டிக்கில் துணி கிளிப். மரக் கிளிப்தான் நல்லது, பிளாஸ்டிக் வெயில்ல உடைஞ்சிடும். மூணு அடுக்கையும் இதில் பெரிய ஓட்டாப் போட்டு எடுத்துக்கிட்டுச் சாதா மெஷினில் தைக்கிறோம். சுருட்டின பக்கம் அவிழாம இருக்கவும் அதே பைப் துண்டுதான்.

இந்த வருஷம் நீளக் கை மெஷினுக்குக் கடன் போடலாமான்னு பேச்சு வந்திருக்கு. விலை லட்சக்கணக்கில். வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா நமக்குத் துண்டுத்துணி இப்ப ஒரே ஒரு ஏஜென்ட் மூலமாத்தான் வருது, விலையையும் அவரேதான் சொல்றார். போன ஆடியில் மூணு வாரம் அவர் வரலை, கூடம் பூட்டியே கிடந்தது. மெஷின் வாங்கினா அந்த மூணு வாரத்துக்கும் தவணை கட்டணும். இன்னும் ரெண்டு இடத்தில் நாமே நேரடியா துணி பேசி முடிச்சுட்டு அப்புறம் கடன் மனு எழுதலாம் என்பது என் கருத்து. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசணும், எல்லாரும் வாங்க.

இன்னொண்ணு. பைப் கிளாம்ப் பன்னெண்டு வெட்டி வைச்சோம், இப்ப எட்டுதான் இருக்கு. கொடியில் துணி காயப் போட எடுத்துட்டுப் போனவங்க வரும்போது கையோட கொண்டு வந்துடுங்க.